கொக்கும் நாரையும் பேசிய கல்யாணம்



சதுப்பு நிலத்தின் ஒரு கோடியில் ஆண் கொக்கு. மறு கோடியில் பெண் நாரை. தனிமை தாளாமல் கொக்கு பெண் கேட்டுப் போகிறது. கொக்கின் நெட்டைக் காலையும் வக்கில்லாத பிழைப்பையும் சொல்லிக்காட்டி விரட்டிவிடுகிறது நாரை. அது போனதும், வலிய வந்த வரனை விட்டுவிட்டோமே என்று நாரைக்கு மனசு கேட்கவில்லை. தானே கிளம்பிப் போகிறது. இப்போது கொக்குக்கு ரோஷம், முடியாது என்கிறது. நாரை திரும்பிப் போன பிறகு கொக்குக்கும் வருத்தம். இப்படி மாறி மாறி நடந்ததுதான் மிச்சம், கல்யாணம் நடந்தபாடில்லை. இது ரஷ்ய நாட்டுப்புறக் கதை. அகராதி தொகுத்த விளாதிமிர் தால் எழுதி வைத்தது. சொல்லி முடிக்க ஒரு நிமிடம் போதும்.

1974இல் மாஸ்கோவின் சோயுஸ்முல்ட்ஃபில்ம் ஸ்டூடியோவில் யூரி நோர்ஸ்டெய்ன் இதைப் பத்து நிமிட அனிமேஷன் படமாக எடுத்தார். ஒரு நிமிடக் கதையைப் பத்து நிமிடத்துக்கு இழுப்பானேன்?

வழக்கமான வழி ஒன்று இருக்கிறது. 1933இல் டிஸ்னி எடுத்த 'மூன்று பன்றிக்குட்டிகள்' படத்தைப் பாருங்கள். பாட்டு, துரத்தல், ஓநாயின் கோமாளித்தனம் என்று கதைக்கு மேல் கதையாக ஏற்றினார்கள். நன்றாகவே இருக்கிறது, குறை சொல்வதற்கில்லை. நோர்ஸ்டெய்ன் சம்பவம் எதையும் பெரிதாக ஏற்றவில்லை. கதை சொல்பவர் ஒரே வரியில் தாண்டிப் போகிற அந்த நடையில்தான் அவர் நின்றுவிட்டார். போகும்போது இருக்கிற துணிச்சல், வரும்போது இருக்கிற அவமானம், பாதி வழியில் திரும்பிப் பார்க்கலாமா என்கிற தயக்கம். படம் முழுக்க அதுதான்.

இன்னொன்றும் செய்தார். வெறும் சதுப்பு நிலத்தில், இடிந்துபோன பழைய மாளிகையின் தூண்களை நட்டு வைத்தார். அந்தத் தூண்களுக்கு நடுவே நாரை நிற்கும்போது, ஜமீன் போயும் மிடுக்குப் போகாத ஒரு பெண்மணியாகவே நமக்குத் தெரிகிறது. கதையில் காரணமே இல்லாத வீம்புக்கு இங்கே ஒரு பூர்வீகம் கிடைத்துவிடுகிறது. இந்தப் படத்தின் ஆகப் பெரிய சாமர்த்தியம் இதுதான் என்பேன்.

ஓவியம் அவர் மனைவி ஃபிரான்செஸ்கா யார்பூசோவாவுடையது. வேலை முறை எளிதாகத் தோன்றும், செய்தால் முதுகு ஒடியும். கிடைமட்டமாக ஒன்றன் கீழ் ஒன்றாகக் கண்ணாடித் தட்டுகள். உச்சியில் கீழ்நோக்கிய கேமரா. கழுத்து, இறகு, கால் எல்லாம் தனித்தனியாக வெட்டிய துண்டுகள். ஒரு துண்டை மயிரிழை நகர்த்துவது, ஒரு சட்டம் எடுப்பது, மறுபடி நகர்த்துவது. திரையில் ஒரு நொடி ஓட 24 சட்டங்கள் வேண்டும். தட்டுகளுக்கு நடுவே இடைவெளி இருப்பதால் நாணல் முன்னே நிற்கிறது, பறவை அதற்குப் பின்னால் போகிறது, மழை இரண்டுக்கும் மேலே பெய்கிறது. தட்டையான துண்டுகளுக்குக் காற்றும் ஈரமும் வந்துவிடுகின்றன.

இந்தப் படத்துக்கு முந்தைய ஆண்டு இதே இருவர் 'நரியும் முயலும்' எடுத்தார்கள். வோல்கா கரையிலுள்ள கொரோதெட்ஸ் ஊரின் நூற்புப் பலகைகளில் தீட்டுகிற நாட்டு ஓவியப் பாணி. கண்ணுக்கு விருந்து, குழந்தைகளுக்கு அதைத்தான் முதலில் காட்ட வேண்டும். ஆனாலும் அதில் ஓவியம் கதைக்கு அலங்காரமாக நின்றுவிட்டது.

கொக்கு, நாரை படத்தில் கதை சொல்லும் குரல், 1964இல் ரஷ்ய 'ஹாம்லெட்'டில் இளவரசனாக நடித்த இன்னகென்டி ஸ்மக்துனோவ்ஸ்கியுடையது. முடிவெடுக்க முடியாமல் தவித்த அந்த இளவரசனின் குரலை, முடிவெடுக்கத் தெரியாத இரண்டு பறவைகளுக்குக் கொடுத்ததில் குறும்பு இருக்கிறதா, தெரியாது. எனக்குச் சிரிப்பு வந்தது. ஓரிரு இடங்களில் படம் காட்டிவிட்டதையே குரல் திரும்பச் சொல்கிறது. அங்கே அவர் சும்மா இருந்திருக்கலாம்.

ரஷ்ய மொழி தெரியாதவர்கள் முதல் முறை திரையின் அடியில் ஓடும் மொழிபெயர்ப்பு எழுத்துகளை வாசிக்காமல் பாருங்கள். கதைதான் இப்போது தெரியுமே.