புழக்கடையில் புதைந்த சரித்திரம்



புதைபொருள் ஆராய்ச்சி என்றவுடன் ராஜாக்களின் கோட்டையும் கோவிலும் புதையலுமே நம் நினைவுக்கு வருகின்றன. கூலிக்காரன் குடியிருந்த வீட்டையும், அவன் பீர் குடித்த கடையையும் ஒருவர் ஆராய்வார் என்று யார் நினைப்பார்கள்? ஆனால் அமெரிக்காவில், நியூயார்க் நகரத்து ஆர்ச்சர்ட் தெரு 97-ம் நெம்பர் வீட்டில் அதுதான் நடந்திருக்கின்றது.

1863-ல் இதைக் கட்டியவர் லூகாஸ் குளோக்னர் என்னும் ஜெர்மன் தையற்காரர். அந்நாளில் அந்தப் பேட்டைக்கே சின்ன ஜெர்மனி என்று பெயர். ஐந்து அடுக்கு வீடு. சுமார் 20 ஒண்டுக்குடித்தனங்கள். குடித்தனம் ஒன்றுக்கு மூன்று அறை, எல்லாம் சேர்த்து 325 சதுர அடி. வெளிக்காற்று வருவது ஒரே அறைக்கு. மற்ற இரண்டும் பட்டப்பகலிலும் இருட்டு. கக்கூசு புழக்கடையில். அத்தனை குடும்பத்தாரும், தரைக்குக் கீழே இருந்த பீர்க்கடைக்கு வருகிறவர்களும் அங்கேதான் போகவேண்டும்.

அக்கடைக்கு அவ்வூரில் சலூன் என்று பெயர். (நம்மூர் சலூன் என்று எண்ணித் தலையை நீட்டிவிடாதீர்கள்!) 1864 முதல் 1886 வரை ஜான் ஷ்னைடரும் அவர் மனைவி கரோலினும் அதை நடத்தினார்கள். பீர் வாங்கினவனுக்குத் தின்பண்டம் இனாமாகக் கொடுப்பது அக்காலத்துக் கடைகளின் வழக்கம். இனாம் என்கின்றோமே, பின்கட்டு அடுப்படியில் அதற்காக வெந்தவர் கரோலின் அம்மாள்தானே? அவர் 1885-ல் க்ஷயரோகத்தால் மாண்டார். மறுவருஷம் கடை மூடப்பட்டது.

நாம் குடிக்கு வக்காலத்து வாங்க வரவில்லை. ஆனால் இருட்டறையில் இருப்பவன் பத்திரிகை படிப்பதும், சங்கம் கூடுவதும் வேறெங்கே? வாரத்தில் ஆறு நாள் உழைத்தவனுக்கு மிஞ்சியது ஞாயிறு ஒன்று. அது கர்த்தருடைய நாள் என்று சொல்லி, 1866-ல் ஞாயிற்றுக்கிழமை விற்பனையைச் சட்டம் தடுத்தது. பணக்காரன் வீட்டு அலமாரியை எந்தப் போலீசாவது பூட்டினதுண்டா?

1935-ல் வீட்டுச் சொந்தக்காரர் சட்டப்படி ரிப்பேர் செய்வதைவிடக் குடியிருந்தவர்களை வெளியேற்றுவதே மேல் என்று மேல்மாடிகளை அடைத்துவிட்டார். அந்தக் கஞ்சத்தனத்தால்தான் சரித்திரம் பிழைத்தது! 1988-ல் காட்சிசாலை ஏற்பட்டது. பிறகு புழக்கடையையும் தோண்டினார்கள்.

கக்கூசுக் குழியில் என்ன இருக்கும் என்று முகம் சுளிக்காதீர்கள். அக்காலத்து ஏழைக்குக் குப்பைத் தொட்டியும் அதுவே. உடைந்த பீங்கானும் புட்டியும் எலும்பும் அவன் எதைத் தின்றான் என்று சொல்லும். மண்ணில் தங்கிய புழுமுட்டையைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் அவன் வயிற்று நோயும் தெரியும்.

20 பேருக்கு ஒரு கக்கூசு போதும் என்றது 1867-ம் வருஷச் சட்டம். 1901-ல் வந்த சட்டம் வீட்டுக்குள்ளேயே வைக்கச் சொன்னது. இந்தச் செலவா என்று ஒரு வீட்டுச் சொந்தக்காரர் சுப்ரீம் கோர்ட்டு வரை வழக்காடி, 1906-ல் தோற்றார்.