பழைய ஹோண்டா கப்: முதலில் வண்டி, பிறகு கைப்பேசி



மலேசியாவில் காஜாங், செமினி, பாங்கி பக்கம் பல வீடுகளின் கொட்டகையில் தாத்தா ஓட்டிய பழைய ஹோண்டா கப் இன்னும் நிற்கிறது. விடியற்காலையில் பால்மரம் வெட்டப் போனதும், சம்பள நாளில் காஜாங் டவுனுக்கு வந்ததும் அதில்தான். அதைத் திரும்ப ஓடவைக்க நினைக்கும் பிள்ளைகளுக்குத்தான் இன்றைய பேச்சு.

சாமான் தேடி இணையத்துக்குள் போகுமுன் வண்டியின் பக்கத்தில் உட்காருங்கள். 1958இல் ஜப்பானில் வந்த சி100 என்ற கப் மாடல் எல்லோரும் ஓட்டுவதற்கென்றே யோசித்துச் செய்த வண்டி. இடக்கையில் கிளட்ச் பிடி கிடையாது. கியர் பெடலைக் காலால் அழுத்தினால் கிளட்ச் தானாகவே விலகும். மேடுபள்ளமான சாலைக்காக 17 அங்குலச் சக்கரம் வைத்தார்கள். சேறும் காற்றும் காலில் அடிக்காமலிருக்க முன்பக்கம் பிளாஸ்டிக் மறைப்பு. எஞ்சின் வெறும் 49 சிசி, ஆனால் ஃபோர் ஸ்ட்ரோக்.

அந்த முதல் எஞ்சினில் வால்வைத் திறப்பது புஷ் ராட். 1960களின் நடுவில் வந்த எஞ்சின்களில் கேம்ஷாஃப்ட் மேலே ஏறிவிட்டது. அதைச் சுழற்றுவது செயின். வெளித்தோற்றம் ஒன்றுபோல இருந்தாலும் உள்ளே போகும் சாமான் வேறு. அதனால் எஞ்சினிலும் சட்டத்திலும் பொறித்த எண்களைத் துடைத்து, எழுதிவைத்து, கெரானில் (வண்டிப் பதிவு ஆவணத்தில்) உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். சி70 போன்ற மாடல் பெயர் அந்த எண்ணின் தொடக்கத்திலேயே இருக்கும். தேட வேண்டியது அதைத்தான்.

இவ்வகை வண்டிகளுக்கு நம் ஊரில் சொல்லும் பொதுப்பெயரான "கப்சாய்" என்று மட்டும் தட்டினால் இஎக்ஸ்5 தொடங்கிப் புதிய வண்டிகளாக வந்து குவியும். "கப்" என்று ஆங்கிலத்தில் தேடினால் சிங்கக்குட்டியும் வரும், பைப்பர் விமானமும் வரும், பிரிட்டனின் டிரையம்ப் டைகர் கப்பும் வரும். வேண்டாத சொல்லுக்கு முன்னால் இடைவெளி விடாமல் ஒரு கழித்தல் குறி போடுங்கள். பெரும்பாலும் அது விலகிவிடும். மாடல் பெயரை மேற்கோள் குறிக்குள் போட்டால் தேடல் இன்னும் கூர்மையாகும்.

இதே வண்டிக்கு ஊருக்கு ஒரு பெயர். அமெரிக்காவில் ஹோண்டா 50 என்று விற்றார்கள்; 1980களில் சி70ஐ பாஸ்போர்ட் என்றார்கள். இந்தோனேசியாவில் சி70க்குப் பித்துங் என்று பெயர். ஒரு பெயரில் கிடைக்காத வயரிங் படம் இன்னொரு பெயரில் கிடைத்துவிடும்.

வாங்குமுன் பேட்டரியையும் பாருங்கள். சி70இல் 6 வோல்ட்டும் உண்டு, பின்னாளில் வந்த 12 வோல்ட்டும் உண்டு. 6 வோல்ட் வண்டியில் 12 வோல்ட் பல்பு போட்டால் மங்கலாகத்தான் எரியும். மாற்றிப் போட்டால் பல்பே போய்விடும். "சி70க்குப் பொருந்தும்" என்ற ஒரு வரியை நம்பிப் பணம் கட்டாதீர்கள். பழைய சாமானைப் பக்கத்தில் வைத்து அளவு பார்த்த பிறகு வாங்குங்கள்.

நிறத்துக்கு இணையப் படங்களைவிட வீட்டு ஆல்பம் நல்ல சாட்சி. படத்தில் பளபளப்பது அவரவர் விருப்பத்துக்கு அடித்த சாயமாக இருக்கலாம். பெயிண்ட் அடிக்கும் கடைக்காரரிடம் ஒன்றை மறக்காமல் சொல்லிவிடுங்கள்: சட்டத்து எண்ணை மட்டும் தேய்த்துவிட வேண்டாம். அது அழிந்தால் வண்டிக்கும் கெரானுக்கும் தொடர்பைக் காட்டவே பெரும்பாடு படவேண்டும்.