நம் இணையதளம் யாரோடு பேசுகிறது?

(இயக்கத் தோழர்களுக்கான பயிலரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



2024 நவம்பரில் எல்.ஐ.சி. இணையதளத்தைத் திறந்தவர்களுக்கு முகப்பு முழுக்க இந்தியில் வந்தது. மொழியை மாற்றும் பொத்தானும் இந்தியிலேயே இருந்தது. தமிழ்நாட்டில் கண்டனம் எழுந்தது. தொழில்நுட்பக் கோளாறு என்று சொல்லிச் சரிசெய்தார்கள். நம் கோபம் நியாயமானது. இந்தியிலிருந்து வெளியேறவே இந்தி படிக்க வேண்டும் என்றால், அது சாவியை உள்ளே வைத்துப் பூட்டிய வீடு.

அதே அளவுகோலை இப்போது நம் பக்கம் திருப்புவோம். மேற்கு ஒடிசாவிலிருந்து திருவள்ளூர் செங்கல் சூளைகளுக்கு முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு வருகிறார்கள். அவர்களில் பலர் தலித்துகள், பழங்குடிகள். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது. கொத்தடிமைக் கடன் செல்லாது என்கிறது அந்தச் சட்டம். மீட்கப்பட்டவருக்கு வருவாய்க் கோட்டாட்சியர் விடுதலைச் சான்றிதழ் தர வேண்டும். இதையெல்லாம் நாம் தமிழில் எழுதுகிறோம். ஆனால் அந்தச் சூளைத் தொழிலாளி தன் கைப்பேசியில் நம் பக்கத்தைத் திறந்தால் ஒரு வரிகூடப் புரியாது. அவரைப் பற்றிப் பேசுகிறோம், அவரோடு பேசவில்லை.

சாதி ஒழிப்புக் கருத்து மொழி தாண்டித்தான் வளர்ந்தது. லாகூர் மாநாட்டுக்காக அம்பேத்கர் தயாரித்த உரையைப் பேச விடவில்லை. 1936-இல் அவரே அதை அச்சிட்டார். 1,500 ஆங்கிலப் படிகள் இரண்டே மாதத்தில் தீர்ந்தன. அடுத்த ஆண்டு இரண்டாம் பதிப்பு வருவதற்குள் அது தமிழிலும் குஜராத்தியிலும் வந்துவிட்டது. இங்கிருந்தும் போயிருக்கிறது. பெரியாரின் இராமாயண ஆய்வை லலாய் சிங் யாதவ் 1968-இல் இந்தியில் கொண்டுவந்தார். மறு ஆண்டே உத்தரப் பிரதேச அரசு அதைப் பறிமுதல் செய்ய ஆணையிட்டது. உயர் நீதிமன்றம் ஆணையை ரத்து செய்தது. அரசின் மேல்முறையீடு 1976-இல் உச்ச நீதிமன்றத்திலும் தோற்றது. தமிழிலேயே இருந்திருந்தால் லக்னோவில் யார் பயந்திருப்பார்கள்?

"இந்தியில் பக்கம் வைத்தால் இந்தித் திணிப்புக்குத் துணை போவதாகாதா?" என்று சில தோழர்கள் கேட்பார்கள். ஆகாது. கேட்காதவன் தலையில் ஒரு மொழியைக் கட்டுவது திணிப்பு. திருப்பூரில் வேலை செய்யும் பீகார் தொழிலாளியிடம் அவருக்குத் தெரிந்த மொழியில் பேசுவது தோழமை.

சரி, என்ன செய்யலாம்?

மொழிப் பட்டியலில் ஒவ்வொரு மொழியின் பெயரையும் அதன் சொந்த எழுத்திலேயே போடுங்கள். ஒடியா படிப்பவர் 'ஒடியா' என்ற தமிழ் எழுத்தைத் தேட மாட்டார். கொடிப் படம் வேண்டாம்; கொடி நாட்டுக்கு உரியது, மொழிக்கு அல்ல. பொத்தானை முகப்பின் மேலேயே வையுங்கள். அதை அழுத்தினால் படித்துக்கொண்டிருந்த பக்கமே வேறு மொழியில் வர வேண்டும், முகப்புக்குத் துரத்தக் கூடாது. எந்த ஊரிலிருந்து திறக்கிறார் என்று பார்த்து மொழியைத் தானாக முடிவு செய்யாதீர்கள். திருப்பூரில் இருப்பவர் எல்லாம் தமிழ் படிப்பவர் அல்லர்.

அறிக்கையைப் படமாக மட்டும் போடுவதை நிறுத்துங்கள். பழைய எழுத்துருவில் இருப்பதை யூனிகோடுக்கு மாற்றுங்கள். எழுத்தாக இருந்தால்தான் மொழிபெயர்ப்புக் கருவிக்கும், பார்வையற்ற தோழருக்கு வாசித்துக் காட்டும் மென்பொருளுக்கும் சிக்கல் இல்லை.

எழுத்து மட்டும் போதாது. தமிழ்நாட்டிலேயே அருந்ததியர் பலரின் வீட்டு மொழி தெலுங்கு, கன்னடம். பள்ளியில் படித்தது தமிழ். தெலுங்கு எழுத்தில் பக்கம் போட்டால் அவர்களில் பலருக்குப் பயன்படாது. அவர்கள் வீட்டில் பேசுகிற தெலுங்கில் இரண்டு நிமிட ஒலிப்பதிவு போடுங்கள். அதையும் அவர்களே பேசட்டும்.

இயந்திர மொழிபெயர்ப்பு உதவும். ஆனால் கடைசிக் கண் மனிதருடையதாக இருக்க வேண்டும். 'கௌரவக் கொலை' என்ற சொல்லை மறுத்து 'ஆணவக் கொலை' என்று சொல்ல வைக்க நாம் எத்தனை மேடை ஏறினோம்! ஆங்கிலத்தில் இன்றும் பரவலாக இருப்பது 'ஹானர் கில்லிங்'தான். மொழிபெயர்ப்பில் கவனம் தவறினால், நாம் விரட்டிய கௌரவம் பின்வாசல் வழியாக வந்து உட்கார்ந்துகொள்ளும். எனவே தீண்டாமை, சுயமரியாதை, ஆணவக் கொலை போன்ற நம் சொற்களுக்கு ஒவ்வொரு மொழியிலும் என்ன சொல் என்று அந்தந்த மொழித் தோழர்களோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். அவர்கள் உழைப்புக்குப் பெயரும் கூலியும் கொடுங்கள்.

எல்லாவற்றையும் மொழிபெயர்க்க முடியாது. தலைவர்களின் உரை காத்திருக்கலாம். முதலில் ஒரே ஒரு பக்கம்: உங்கள் உரிமை என்ன, யாரிடம் புகார் செய்வது, எந்த எண்ணை அழைப்பது. அதை ஒடியாவிலும் இந்தியிலும் போடுங்கள். போட்ட பிறகு ஒரு சூளைத் தொழிலாளியிடம் கைப்பேசியைக் கொடுத்து, நீங்கள் பேசாமல் பாருங்கள். அவரே கண்டுபிடித்துப் படித்தாரென்றால் பக்கம் தயார். இல்லையென்றால் மறுபடி வேலையைத் தொடங்குவோம்.