கால் மில்லிகிராம் மாத்திரையும் மஞ்சள் அரளியும்



மலேசியாவின் பெண்டாங் பக்கம் இதயப் பலவீனத்துக்கும் சீரற்ற துடிப்புக்கும் மருந்து சாப்பிடும் பெரியவர்கள் சிலருடைய மருந்துப் பையில் டிகாக்சின் என்றொரு சின்ன மாத்திரை இருக்கும். அட்டையில் 0.25 மில்லிகிராம் என்றோ அதைவிடக் குறைவாகவோ போட்டிருக்கும். ஒரு கிராமை நாலாயிரம் பங்கு போட்டால் வரும் ஒரு பங்குதான் இந்த 0.25.

ஐரோப்பாவில் வளரும் ஃபாக்ஸ்குளோவ் செடியில் தொடங்குகிறது இந்த மருந்தின் கதை. இங்கிலாந்தின் ஷிராப்ஷயரில் ஒரு மூதாட்டி, உடம்பில் நீர் கோத்து வீங்கியவர்களுக்குக் கஷாயம் கொடுத்துவந்தார். அதைப் பற்றி 1775இல் டாக்டர் வில்லியம் விதரிங்கிடம் கருத்துக் கேட்டார்கள். அதில் இருபது மூலிகைகளுக்குக் குறையாமல் இருந்தன. செடிகளை நன்கு அறிந்த விதரிங், வேலை செய்வது ஃபாக்ஸ்குளோவ்தான் என்று கண்டுகொண்டார். பத்து ஆண்டுகள் நோயாளிகளைக் கவனித்து, 1785இல் புத்தகம் வெளியிட்டார். குணமானவர்களை மட்டுமல்ல, குணமாகாதவர்களையும், அளவு மீறியதால் வாந்தி எடுத்தவர்களையும், பார்த்ததெல்லாம் மஞ்சளாகத் தெரிந்தவர்களையும் அவர் மறைக்காமல் எழுதினார். அந்த நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன். 1930இல் சிட்னி ஸ்மித் என்பவர் அதே இனச் செடி ஒன்றிலிருந்து டிகாக்சினைப் பிரித்தெடுத்தார்.

இதயத் தசையின் செல்களில் சோடியத்தை வெளியேற்றும் வழியை இந்த மருந்து ஓரளவு அடைக்கிறது. அதனால் செல்லுக்குள் கால்சியம் கூடி, தசை அழுத்தமாகச் சுருங்குகிறது. வேகமாக ஓடும் துடிப்பும் நிதானப்படுகிறது. 1997இல் வெளியான, 6,800 நோயாளிகள் பங்கேற்ற ஆய்வில் டிகாக்சின் ஆயுளைக் கூட்டவில்லை. ஆனால் மருத்துவமனையில் படுக்க வேண்டிய தேவையைக் குறைத்தது.

உதவும் அளவுக்கும் கெடுக்கும் அளவுக்கும் நடுவே இடைவெளி மிகச் சிறியது. சிறுநீரகம் தளர்ந்தால் மருந்து உடம்பிலேயே தேங்கும். வீக்கம் வற்றக் கொடுக்கும் சிறுநீர் மாத்திரையால் பொட்டாசியம் குறைந்தால், வழக்கமான அளவே நஞ்சாகலாம். அதனால்தான் ரத்தப் பரிசோதனைக்கு வரச் சொல்கிறார்கள். அந்தத் தேதியைத் தள்ளிப் போடாதீர்கள். ஒரு வேளை மறந்துவிட்டால் அடுத்த வேளை இரண்டாகப் போடாதீர்கள். சாப்பாடு பிடிக்கவில்லை, குமட்டுகிறது, கண் மஞ்சளாகக் காட்டுகிறது என்று அப்பா சொன்னால், வயசுக் கோளாறு என்று விட்டுவிடாமல் அன்றைக்கே கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள். வேறு மருந்தோ நாட்டு மருந்தோ சாப்பிட்டால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

தோட்டத்துக் கோயில் ஓரங்களில் பூத்து நிற்கும் மஞ்சள் அரளியிலும் இதே வகை நஞ்சு இருக்கிறது. அதிலிருந்து பிரித்த பெருவோசைடு என்ற பொருளை இந்தியாவில் ஆர்.பி. அரோரா குழுவினர் இதய நோயாளிகளிடம் சோதித்து 1967இல் எழுதினார்கள். அது ஆய்வுக்கூடத்தில் அளந்து செய்த வேலை. வீட்டில் காய்ச்சிக் குடிக்கும் மருந்தல்ல.

டிகாக்சின் நஞ்சை முறிக்கச் செம்மறியாட்டின் உடலில் உண்டாக்கும் எதிர்ப்பு மருந்து, அரளி நஞ்சையும் முறிக்கிறது. கொழும்பில் இதை 66 பேரிடம் சோதித்து 2000இல் வெளியிட்டார்கள். மருந்து பெற்ற 34 பேரில் 24 பேருக்கு எட்டு மணி நேரத்தில் துடிப்பு இயல்பான தாளத்தில் இருந்தது. பெறாத 32 பேரில் ஐந்து பேருக்குத்தான் அப்படி.

ஆகவே, பிள்ளை அரளிக்காயைக் கடித்துவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். 999-ஐ அழையுங்கள், அல்லது நேரே அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள். கடித்த மிச்சத்தை ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். எந்தச் செடி என்று டாக்டருக்கு உடனே தெரியும்.