கையால் கற்கும் வரலாறு



விஞ்ஞானம் கற்கும் மாணாக்கனுக்கு ஆய்வுகூடம் வேண்டும் என்பதை எவரும் மறுப்பதில்லை. ஆனால் வரலாறும் புவியியலும் குடியியலும் இலக்கியமும் கற்பவனுக்கு ஆய்வுகூடம் எது என்று கேட்டால் பலர் திகைப்பர். அவனுக்குப் புத்தகம் இருந்தாற் போதும், மிகுதியை மனப்பாடம் பார்த்துக்கொள்ளும் என்பது பொதுவான எண்ணம். அந்த எண்ணம் தவறானது என்பதை, மலைநாட்டுப் பாடசாலைகளை முன்வைத்து, இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

ஹட்டன் நகரிலே ஒரு பாடசாலை புனித ஜோன் பொஸ்கோவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. இன்னொன்று புனித கப்ரியேலின் பெயரைத் தாங்கி நிற்கிறது. நுவரெலியாவிலே புனித சவேரியாரின் பெயரால் ஒரு கல்லூரி உண்டு. இவை போன்று கத்தோலிக்கர் நிறுவிய பாடசாலைகள் இலங்கையெங்கும் இருந்தன. 1960ஆம், 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவி பெறும் பாடசாலைகளிற் பெரும்பாலானவை அரசாங்கத்தின் பொறுப்புக்கு வந்தன. நிருவாகம் மாறிற்று, பழைய பெயர்கள் பல நிலைத்தன. அப்பெயர்களுக்குப் பின்னால் ஒரு கல்வி மரபு இருக்கிறது. எச்சமயத்தவராயினும் ஆசிரியர் அறிந்திருக்க வேண்டிய மரபு அது.

ஜோன் பொஸ்கோ 1815ஆம் ஆண்டிலே இத்தாலி நாட்டில் ஓர் ஏழைக் குடியானவர் வீட்டிற் பிறந்தவர். 1841ஆம் ஆண்டு தொடங்கித் தூரின் நகரிலே, பிழைப்புத் தேடிக் கிராமங்களிலிருந்து வந்த சிறுவர்களைத் திரட்டிக் கல்வி புகட்டினார். கொத்தனாருக்குக் கல்லும் சாந்தும் சுமந்த பிள்ளைகள் அவர்கள். அப்பிள்ளைகளுக்கு ஏற்ற நூல் இல்லாதபோது தாமே எழுதினார். புதிய மெட்ரிக் அளவைமுறை நாட்டில் வழங்கத் தொடங்கியபோது அதை விளக்கி ஒரு சிறு நூல் செய்தார். 1855ஆம் ஆண்டில் இத்தாலியின் வரலாற்றை எளிய நடையில் எழுதி வெளியிட்டார். பாடம் மாணாக்கனின் வாழ்க்கையிலிருந்து புறப்பட வேண்டும் என்பதை இதனினும் தெளிவாக எவ்வாறு காட்டுவது?

தோட்டத்துப் பிள்ளையின் வாழ்க்கையிலிருந்து பாடம் எவ்வாறு புறப்படும்? நான்கு வேலைகளைச் சொல்லுகிறேன். இவற்றுக்குப் பணம் வேண்டியதில்லை. ஒரு கொப்பியும் பென்சிலும் இருந்தாற் போதும்.

முதலாவது வேலை, படம் வரைதல். தான் வாழும் தோட்டத்தை மாணாக்கன் நடந்து பார்த்து வரையட்டும். லயங்கள், கொழுந்து மடுவம், தொழிற்சாலை, பிள்ளைக் காம்பரா, அம்மன் கோயில், மாதா கோயில், துரை பங்களா, மயானம், நீர் எடுக்கும் பீலி ஆகிய எல்லாவற்றையும் குறிக்கட்டும். படம் முடிந்ததும் வினாக்கள் தாமாகவே எழும். பங்களா ஏன் மேட்டிலே இருக்கிறது? லயம் ஏன் பள்ளத்திலே இருக்கிறது? நாலாயிரம் அடிக்கு மேல் விளையும் தேயிலைக்கு மட்டும் ஏன் தனிப் பெயரும் தனி விலையும்? பீலியில் விழும் நீர் மகாவலிக்குப் போகிறதா, களனிக்குப் போகிறதா? ஆங்கிலத்தில் ஒரு பெயரும் தொழிலாளர் வாயில் வேறொரு பெயருமாகத் தோட்டத்துக்கு ஏன் இரண்டு பெயர்கள்? புவியியலும் பொருளியலும் மொழியியலும் அந்த ஒரு தாளிலேயே அடங்கிவிடுகின்றன.

இரண்டாவது, முதியோரிடம் கேட்டு எழுதுதல். கேட்டதை அப்படியே எழுதிவிட்டால் அது கதை. அதைச் சோதித்துப் பார்த்தால் அது வரலாறு. எங்கள் முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து வந்தார்கள் என்று ஒரு பாட்டி சொல்லுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கி ரயிலிலே வந்தோம் என்று இன்னொருவர் சொல்லுகிறார். தலைமன்னார் வழியாகக் கப்பலும் ரயிலும் இணைந்தது 1914ஆம் ஆண்டில். ஆகவே இரண்டாவது குடும்பம் அதன் பின்னரே வந்திருக்க வேண்டும். முதற் குடும்பமோ 19ஆம் நூற்றாண்டிலே வந்த குடும்பமாக இருத்தல் கூடும். கண்டிக்கு ரயில் வந்தது 1867இல்; ஹட்டனுக்கு 1884இல்; நானுஓயாவுக்கு 1885இல். லூல்கந்துரையிலே ஜேம்ஸ் ரெயிலர் தேயிலை பயிரிட்டது 1867இல். கோப்பிச் செடியைத் துரு நோய் பற்றியது 1869இல். முன்னோர் ஹட்டன் ஸ்டேசனில் இறங்கினாரா, கோப்பி பறித்தாரா என்ற கேள்விகளைக் கொண்டே ஒரு குடும்பத்தின் காலத்தை மாணாக்கன் ஏறக்குறையக் கணித்துவிடலாம். அநுராதபுரத்துக் கல்வெட்டை ஆராயும் அறிஞரின் முறையும் இதுவேயன்றோ?

மூன்றாவது, பத்திரங்களைப் படித்தல். ஒவ்வொரு லயத்து வீட்டிலும் ஒரு றங்குப்பெட்டி இருக்கும். அதன் அடியிலே பிறப்புப் பத்திரம், பிரசாவுரிமைப் பத்திரம், பழைய சம்பளத் துண்டு, இந்தியாவிலிருந்து வந்த கடிதம் என்று சில தாள்கள் கிடக்கும். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தினால் இம்மக்களிற் பெரும்பாலோர் பிரசாவுரிமை இழந்தார்கள். 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்துச் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், 975,000 பேரைக் கணக்கிட்டு, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தது. எஞ்சிய 150,000 பேரை 1974ஆம் ஆண்டின் உடன்பாடு பாதிப்பாதியாகப் பங்கிட்டது. நாடற்றவராய் எஞ்சியிருந்தோருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டமே குடியுரிமை வழங்கிற்று. இவ்வாண்டுகளை மனப்பாடம் செய்யும் பிள்ளைக்கு அவை வெறும் எண்கள். தாய்மாமன் ஏன் நீலகிரியிலே, கூடலூரிலே கொழுந்துத் தோட்டத்தில் வாழ்கிறார் என்று வீட்டிலே கேட்டறிந்த பிள்ளைக்கோ அவை தன் குடும்பத்தின் பிரிவு நாட்கள்.

இந்த வேலையில் ஒரு நடைமுறைப் பயனும் உண்டு. தந்தையின் பெயர் ஒரு பத்திரத்தில் ஒரு விதமாகவும் மற்றொன்றில் வேறு விதமாகவும் எழுதப்பட்டிருப்பதைத் தோட்டங்களிலே அடிக்கடி காண்கிறோம். அடையாள அட்டை பெறும்போதும், சேமலாப நிதியைக் கேட்கும்போதும் அந்த ஓர் எழுத்துப் பிழை ஆளை அலைக்கழிக்கிறது. வரலாற்றுப் பாடத்துக்காகப் பத்திரத்தைப் படிக்கும் பிள்ளையே அப்பிழையை முதலிற் காணக்கூடும். காலத்தோடு திருத்திக்கொள்ள வழி பிறக்கும். ஆனால் ஆசிரியர்கள் ஒன்றை மறக்கலாகாது. மூலப் பத்திரத்தைப் பாடசாலைக்குக் கொண்டுவரச் சொல்லக்கூடாது. பிரதி எழுதி வந்தாற் போதும். வீட்டார் சொல்ல விரும்பாததை வகுப்பின் நடுவே கேட்கவும் கூடாது. வறுமையும் பிரிவும் காட்சிப் பொருள்கள் அல்ல.

நான்காவது, கலையைக் கற்றல். காமன் கூத்து, அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் ஆகிய கூத்துக்கள் மலையகத்தின் செல்வங்கள். மடகொம்பரைத் தோட்டத்திலே பிறந்த கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை, கொழுந்து பறிப்போரும் தாலாட்டுவோரும் பாடிய பாடல்களைத் தேடித் தொகுத்தார். அவர் செய்த வேலையைச் சிறிய அளவில் ஒவ்வொரு வகுப்பும் செய்யலாம். பாடலை எழுதுவதோடு நில்லாமல், எப்போது பாடினார்கள், எவர் பாடினார்கள், எச்சொல் இன்று வழக்கில் இல்லை என்றும் குறிக்கட்டும். இலக்கிய வகுப்புக்கு அதைவிட நல்ல பயிற்சி வேறில்லை.

நான்கும் ஒன்றுகூடும் இடமும் அண்மையிலேயே இருக்கிறது. 1960களில் மவுசாக்கலை நீர்த்தேக்கம் அமைக்கப்பட்டபோது பழைய மஸ்கெலியா நகரம் நீரில் மூழ்கிற்று. கடும் வறட்சியில் நீர் வற்றும்போது பழைய வழிபாட்டிடங்களின் சிதைவுகள் வெளியே தெரியும். கரையிலே பாதுகாப்பாக நின்று அதைக் காணும் மாணாக்கர், எவருக்காக மின்சாரம், எவருடைய ஊர் போயிற்று என்று வினவாதிரார். அவ்வினாவே குடியியலின் தொடக்கம்.

இனி ஓர் ஆட்சேபம். பரீட்சைக்கு இது உதவுமா என்று பெற்றோர் கேட்பர். பாடத்திட்டத்தை முடிக்க நேரம் எங்கே என்று ஆசிரியர் கேட்பர். இரண்டும் நியாயமான கேள்விகள். கொழுந்து பறிக்கும் தாய் தன் மகள் க.பொ.த. சாதாரண தரத்திற் சித்தியடைய வேண்டும் என்று விரும்புவதைவிட இயற்கையானது யாது? ஆயினும் வரலாறு அப்பரீட்சையின் கட்டாய பாடங்களில் ஒன்று. காரணமும் விளைவும் கண்டு எழுதத் தெரியாதவன் எத்தனை பக்கம் மனனம் செய்தும் என்ன பயன்? வாரத்துக்கு ஒரு பாடவேளை இவ்வேலைக்கு ஒதுக்கினால் போதும். மிகுதி நேரம் புத்தகத்துக்கே உரியது. தன் ஊரின் காலத்தைக் கணிக்கப் பழகியவனுக்குப் பொலனறுவையின் காலமும் ஒல்லாந்தர் காலமும் எளிதில் விளங்கும்.

இத்தாலியிலேயே இன்னொரு கத்தோலிக்கக் குரு இதைச் செய்து காட்டினார். 1954ஆம் ஆண்டிலே லொறென்சோ மிலானி என்பவர் பார்பியானா என்னும் சிறு மலைக் கிராமத்துக்கு அனுப்பப்பட்டார். பாடசாலைகள் தள்ளிவிட்ட குடியானவப் பிள்ளைகளுக்கு அங்கே கற்பித்தார். பத்திரிகையை வரிவரியாக வாசிப்பர். ஒவ்வொருவரும் தம் கருத்தைத் தனித்தனித் துண்டுத் தாளில் எழுதுவர். தாள்களை இனம் பிரித்து அடுக்கி, மிகையானதை நீக்கி, எல்லாரும் சேர்ந்து ஒரே கட்டுரையாக்குவர். இவ்வாறு அப்பிள்ளைகள் ஓர் ஆசிரியைக்கு எழுதிய கடிதம் 1967இல் நூலாக வெளிவந்து, பல மொழிகளிற் பெயர்க்கப்பட்டு உலகெங்கும் வாசிக்கப்பட்டது. துண்டுத் தாளைக்கொண்டு அவர்கள் செய்ததை நம் பிள்ளைகளாற் செய்ய முடியாதா?

நேயர்களே, இதிலே காலதாமதம் செய்ய இயலாது. நடந்து வந்தவர்களின் கதையைக் கேட்டு வளர்ந்த முதியோர் ஆண்டுதோறும் குறைந்துவருகிறார்கள். றங்குப்பெட்டித் தாள்களை ஈரமும் கரையானும் தின்கின்றன. தன் விலாசத்தைச் சொல்லக் கூசும் பிள்ளைகள் இன்றும் இருக்கிறார்கள். தன் லயம் எக்காலத்தது, தன் முன்னோர் எவ்வழி வந்தார், எந்த உரிமையை இழந்து எவ்வாறு மீளப் பெற்றார் என்று ஆதாரத்தோடு எழுதிய பிள்ளைக்கு அந்தக் கூச்சம் இராது.

ஆகவே பெற்றோரை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் பிள்ளை கொப்பியோடு வந்து, பாட்டியின் அருகே அமர்ந்து கேள்வி கேட்டால், போய்ப் படி என்று அனுப்பிவிடாதீர்கள். அவன் படித்துக்கொண்டுதான் இருக்கிறான்.