வழியில் சாப்பிடாத பிள்ளை
(கூட்டமைப்பின் ஆண்டு விழாக் கூட்டத்தில் பேசியது)



நான் மேடையில் பேசிப் பழக்கம் இல்லாதவள். பத்தாவது படிக்கும்போது ஒரே ஒரு தடவை சுதந்திர தினத்துக்குப் பேசச் சொன்னாங்க, பாதியில் மறந்துபோய் இறங்கி வந்துட்டேன். இன்னைக்கு ஏன் ஏறினேன்னா, நம்ம குழுவில் வர்ற மே மாசம் பிள்ளைகளையும் கூட்டிக்கிட்டு கன்னியாகுமரி போகலாம்னு தீர்மானம் போட்டிருக்கோம். போன கூட்டத்தில் அதைப் பேசும்போது, "என் மக எதுவுமே சாப்பிட மாட்டா, நான் வரல"ன்னு ஒரு தங்கச்சி சொல்லுச்சு. அப்போ நான் என் கதையைச் சொன்னேன். அதை எல்லாருக்கும் சொல்லுன்னு செயலாளர் அக்கா பிடிச்சு ஏத்தி விட்டுட்டாங்க.

என் சின்னவனுக்கு அப்போ நாலு வயசு. அவன் சாப்பிடுறதைக் கைவிரல்ல எண்ணிடலாம். சர்க்கரை தொட்டு இட்லி, தயிர்ச்சோறு, அப்பளம், பூவம்பழம், சில நாள் ரசச்சோறு. தயிர்ச்சோத்துல ஒரு கடுகு கிடந்தா போதும், தட்டைத் தள்ளிடுவான். மணப்பாறை பக்கத்துல பொறந்துட்டு முறுக்கு கூடத் தொட மாட்டான்னா பாத்துக்குங்க. அங்கன்வாடியில எடை போட்டா பச்சைக்கும் மஞ்சளுக்கும் நடுவுல நிப்பான். ஒவ்வொரு மாசமும் எடை போடுற நாள் வந்தா எனக்குத்தான் பரீட்சை மாதிரி இருக்கும்.

அந்த மே மாசம் எங்க வீட்டுக்காரரோட அண்ணன் குடும்பம், நாத்தனார் குடும்பம், என் மாமியார், நாங்க, எல்லாருமாச் சேர்ந்து வேன் பிடிச்சு திருச்செந்தூர், கன்னியாகுமரி போனோம். கல்யாணமாகி எட்டு வருஷத்துல நான் கடல் பார்க்கப் போற முதல் தடவை. ஒரு மாசமா அதே நினைப்பு. புளிசாதம் கிளறினேன், இட்லி சுட்டேன், துவையல் அரைச்சேன், பதினாலு பேருக்கு. அவனுக்குன்னு தனியா ஒண்ணும் எடுத்துக்கல. எடுத்தா, "இவ புள்ளைக்கு மட்டும் தனிச் சமையலா"ன்னு வரும். அதுக்குப் பயந்துட்டேன். பசி வந்தா சாப்பிடுவான், வெளியில போனா மத்த பிள்ளைகளைப் பார்த்துச் சாப்பிடுவான்னு எல்லாரும் சொன்னாங்க. நானும் நம்பினேன்.

ராத்திரி மூணு மணிக்கு வேன் கிளம்புச்சு. மதுரை தாண்டி அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு புளியமரத்தடியில நிறுத்திச் சாப்பிட்டோம். இட்லியில பொடியும் எண்ணெயும் தடவி அடுக்கியிருந்தேன். அவன் அதைப் பார்த்துட்டு, "இது சிவப்பு இட்லி"ன்னு முகத்தைத் திருப்பிக்கிட்டான். சர்க்கரை கொண்டு வரல. ஒரு டம்ளர் டீ மட்டும் குடிச்சான்.

திருச்செந்தூர்ல கூட்டம்னா அப்படிக் கூட்டம். கடல்ல குளிச்சு, நாழிக்கிணத்துல குளிச்சு, வரிசையில நின்னு சாமி பார்த்து வெளியில வர ரெண்டு மணி ஆயிருச்சு. ஒரு ஹோட்டல்ல போய் உட்கார்ந்தோம். சோறு வந்துச்சு. நம்ம வீட்டுச் சோறு மாதிரி இல்ல, அரிசி வேற. அவனுக்கு அது போதும், வேண்டாம்னுட்டான். சுத்தி பதிமூணு பேர் உட்கார்ந்திருக்காங்க. "ரெண்டு வாய் ஊட்டி விடுத்தா", "செல்லம் குடுத்தா இப்படித்தான்", "எங்க பிள்ளைங்கல்லாம் கல்லைக் கொடுத்தாலும் திங்கும்"னு ஆளுக்கு ஒண்ணு. ஓரகத்தி அக்கா ஒண்ணும் சொல்லல, ஆனா அவங்க பார்த்த பார்வை இருக்கே, அது போதும்.

எனக்கு மண்டைக்கு ஏறிருச்சு. ஒரு கையால வாயைப் பிடிச்சு, இன்னொரு கையால சோத்தைத் திணிச்சேன். ரெண்டு வாய் உள்ள போச்சு. மூணாவது வாய்க்கு மொத்தமா வாந்தி எடுத்துட்டான், என் மாமியார் அன்னைக்குத்தான் கட்டியிருந்த புதுச் சேலை மேல. நான் அவனை அடிச்சேன். அத்தனை பேர் முன்னாடி, முதுகுல, ரெண்டு அடி. அவன் அழக்கூட இல்ல. அதை இப்போ சொல்லும்போதும் எனக்கு என்னமோ பண்ணுது.

என் மாமியார் அப்போ ஒரு வார்த்தை கோவிச்சுக்கல. சேலையைக் கழுவிக்கிட்டே, "உன் வீட்டுக்காரனும் இப்படித்தான் இருந்தான், எட்டு வயசு வரைக்கும்"னாங்க. எட்டு வருஷத்துல அதை அவங்க எங்கிட்ட சொன்னதே இல்ல!

அப்புறம் உவரி வழியா கடலோரமாவே கன்னியாகுமரி போனோம். வேன்ல ஏசி கிடையாது. அவன் என் மடியில தூங்கிக்கிட்டே வந்தான். நல்லதுன்னு விட்டுட்டேன். ஊர் போய்ச் சேர்ந்து, ரூம் எடுத்து, ராத்திரி எட்டு மணிக்கு எழுப்புறேன், தலை நிக்கல. உதடு காய்ஞ்சு வெடிச்சிருக்கு. கூப்பிட்டா கண்ணைத் திறந்து பார்த்துட்டு மூடிக்கிறான். எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. வீட்டுக்காரரும் நானும் ஆட்டோ பிடிச்சு ஒரு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

அங்க இருந்த நர்ஸம்மா முதல்ல கேட்டது சாப்பாட்டைப் பத்தி இல்ல. "பிள்ளை கடைசியா எப்போ மூத்திரம் போச்சு?"ன்னு கேட்டாங்க.

யோசிச்சுப் பார்க்கிறேன். கடல்ல குளிக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை. அதுக்கப்புறம் இல்ல. காலையிலிருந்து தண்ணி எவ்வளவு குடிச்சான்னு கேட்டாங்க. நான் வாயைத் திறக்க முடியல. ஏன்னா தண்ணி நான்தான் கொடுக்கல. கொடுத்தா அடிக்கடி வண்டியை நிறுத்தச் சொல்லணும், டிரைவர் முணுமுணுப்பார், மத்தவங்க சலிச்சுக்குவாங்க. நம்ம எல்லாருமே அப்படித்தானேக்கா? பஸ் ஏறினா இறங்குற வரைக்கும் ஒரு வாய் தண்ணி குடிக்க மாட்டோம். வழியில ஒதுங்க இடம் இருக்காது, இருந்தா உள்ள கால் வைக்க முடியாது. நாம தாங்கிக்கிறோம். அதே வழக்கத்தை நாலு வயசுப் பிள்ளைக்கும் வெச்சுட்டேன். வெயில், கடல் குளியல், வாந்தி, அதுக்கு மேல தண்ணியும் இல்ல.

நர்ஸம்மா உப்புச் சர்க்கரைப் பாக்கெட்டை, அதான் ஓ.ஆர்.எஸ்.னு சொல்றோமே, அதை ஒரு லிட்டர் தண்ணியில கரைச்சு, ஒரு ஸ்பூனை என் கையில கொடுத்தாங்க. "டம்ளரோட கொடுக்காதீங்க, குமட்டும். ஒரு ஸ்பூன் கொடுங்க, கொஞ்சம் பொறுத்து இன்னொரு ஸ்பூன். வாந்தி எடுத்தா பத்து நிமிஷம் விட்டுட்டு மறுபடி கொடுங்க"ன்னாங்க. ராத்திரி பூரா உட்கார்ந்து ஸ்பூன் ஸ்பூனா ஊத்தினேன். ரெண்டு மணி இருக்கும், "அம்மா, ஒண்ணுக்கு"ன்னான். கோயில்ல மணி அடிச்சது மாதிரி இருந்துச்சு எனக்கு.

"ஒரு நாள் சோறு திங்கலன்னா பிள்ளைக்கு ஒண்ணும் ஆயிடாதும்மா. தண்ணிதான் முக்கியம்"னு அந்தம்மா காலையில அனுப்பும்போது சொன்னாங்க. அவங்க பேரு கூட நான் கேட்டுக்கல.

மறுநாள் எல்லாரும் படகுல விவேகானந்தர் பாறைக்குப் போனாங்க. நானும் அவனும் போகல. 133 அடி வள்ளுவர் சிலையைக் கரையிலிருந்து பார்த்ததோட சரி. அப்போ சிலைக்கும் பாறைக்கும் நடுவுல இந்தக் கண்ணாடிப் பாலம் வரல. ஒரு மாசமா ஆசைப்பட்ட பயணம், கரையில ஒரு பழக்கடை ஓரமா உட்கார்ந்தே போச்சு.

ஆனா அந்தக் கடையிலதான் ஒண்ணு நடந்துச்சு. அங்க மட்டிப்பழம்னு ஒரு வாழைப்பழம் விக்கிறாங்க. விரல் மாதிரி சின்னதா, லேசா வளைஞ்சு இருக்கும். அந்த ஊர்ல கைக்குழந்தைக்கு முதல்ல கொடுக்கிற பழமே அதுதானாம். கடைக்காரப் பாட்டி அவனைப் பார்த்து, "என்ன மக்ளே"ன்னு ஒரு பழத்தைப் பிச்சு அவன் கையில வெச்சுட்டு, அவங்க பாட்டுக்கு வேற ஆளுக்கு வியாபாரம் பார்க்கப் போயிட்டாங்க. தின்னுன்னு சொல்லல, திங்கிறானான்னு திரும்பிப் பார்க்கவும் இல்ல. நான் வாயைத் திறக்கப் போனேன், எப்படியோ அடக்கிக்கிட்டேன். அவன் அதை ரொம்ப நேரம் உருட்டிக்கிட்டு இருந்தான். அப்புறம் தானே உரிச்சான், நுனியைக் கடிச்சான். அன்னைக்கு மதியத்துக்குள்ள மூணு பழம் தின்னான். வீட்டுல பூவம்பழத்தைத் தவிர வேற பழத்தைத் தொடாத பிள்ளை!

அதை நான் ரொம்ப நாள் நினைச்சுப் பார்த்திருக்கேன். அவன் சாப்பிடணும்னு நான் பட்ட பாட்டுல பாதி அவன் பசிக்காக இல்ல, சுத்தி இருந்த பதிமூணு பேருக்காக. அது அவனுக்கும் தெரிஞ்சிருக்கும்.

அடுத்த வருஷம் மாமனாருக்குத் திதி கொடுக்க ராமேஸ்வரம் போனோம். அந்தத் தடவை நான் யாரையும் கேட்கல. அவன் தட்டு, அவன் டம்ளர் ரெண்டையும் ஒரு மஞ்சப்பையில போட்டு எடுத்துக்கிட்டேன். ஊர் புதுசு, தண்ணி புதுசு, மனுஷங்க புதுசு, தட்டாவது அவனோடதா இருக்கட்டும்னு. இட்லியை வெறும் இட்லியா, நல்லா ஆற வெச்சு இலையில கட்டினேன். சூட்டோட கட்டினா வேர்த்து ஊசிப்போயிடும், அது உங்களுக்கே தெரியும். சர்க்கரை ஒரு டப்பாவுல. தயிர்ச்சோறு விடிகாலையில பிசைஞ்சேன். சோத்தைக் குழைய வடிச்சு, காய்ச்சின பாலை நிறைய ஊத்தி, தயிர் ஒரே ஒரு ஸ்பூன். போகப் போக அதுவே தயிராகிக்கும், புளிக்காது. கடுகு தாளிக்கல. ஆனா வெயில் காலத்துல பதினோரு மணிக்குள்ள அதைக் காலி பண்ணிடணும், மதியத்துக்கு மிச்சம் வெச்சா நம்பக் கூடாது. எல்லாரும் உட்கார்ந்து சாப்பிடுறதுக்கு முன்னாடியே, வீட்டுல அவன் சாப்பிடுற நேரத்துக்கு, ஓரமா உட்கார வெச்சுக் கொடுத்துட்டேன். எல்லாரும் சாப்பிடும்போது அவன் பாட்டுக்கு விளையாடிக்கிட்டு இருந்தான். யாரும் ஒண்ணும் சொல்லல. சொல்லியிருந்தாலும் காதுல போட்டிருக்க மாட்டேன்.

தண்ணிக்கு ஒரு கணக்கு வெச்சேன். வண்டி நிக்கிற இடத்துலயெல்லாம் நாலு மடக்கு. டிரைவர் தம்பிகிட்ட கிளம்பும்போதே சொல்லிட்டேன், "ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா நிறுத்தணும்பா, பிள்ளைங்க இருக்கு"ன்னு. அவர் சரின்னுட்டார், அவ்வளவுதான். போன வருஷமே கேட்டிருந்தா அவ்வளவுதான்.

எல்லாம் சரியா நடந்துச்சுன்னு பொய் சொல்ல மாட்டேன். 22 தீர்த்தமும் ஆடி முடிச்சு ராத்திரி தங்கின இடத்துல, ரெண்டு அப்பளமும் ஒரு டம்ளர் பாலும்தான் அவன் சாப்பாடு. விட்டுட்டேன். தூங்கிட்டான்.

இப்போ ரெண்டாவது படிக்கிறான். முறுக்கு திங்கிறான். கத்திரிக்காய் இன்னும் ஆகாது.

மே மாசப் பயணத்துக்கு நான் கேட்கிறது நாலுதான். கிளம்புறதுக்கு முன்னாடி ஆரம்ப சுகாதார நிலையத்துல ஓ.ஆர்.எஸ். பாக்கெட் வாங்கி வெச்சுக்குவோம், இலவசமாவே தருவாங்க. கடையில ஜூஸ் மாதிரி டப்பாவுல விக்கிறது அது இல்ல, பொடியா இருக்கிற பாக்கெட்தான். கரைச்சதை ஒரு நாளைக்கு மேல வெச்சிருக்கக் கூடாது. பாக்கெட் கிடைக்கலன்னா ஒரு லிட்டர் சுத்தமான தண்ணிக்குச் சர்க்கரை ஆறு டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன், ரெண்டும் தலை தட்டி. உப்பு கூடிடக் கூடாது, அதுல கவனம். பிள்ளை துவண்டு போனாலோ, அழுதா கண்ணீர் வரலன்னாலோ, அரை நாளா மூத்திரம் போகலன்னாலோ நம்ம கை வைத்தியம் பார்க்காம நேரா ஆஸ்பத்திரிக்குப் போயிடணும். ரெண்டாவது, வேன் பேசும்போதே எங்கெங்க நிறுத்துறது, அங்க பொம்பளைங்க ஒதுங்க இடம் இருக்கான்னு கேட்டுப் பேசணும். மூணாவது, ஒரு கேஸ் அடுப்பும் சின்னக் குக்கரும் எடுத்துக்குவோம், நம்ம ஊர் அரிசி ரெண்டு கிலோவும். கன்னியாகுமரிப் பக்கம் தேங்காய் எண்ணெய்ச் சமையல் அதிகம், அந்த வாசனை சில பிள்ளைகளுக்கு ஆகாது. அரிசிக்கு ஆகிற காசைச் சுற்றுலாக் கணக்குலயே எழுதிடலாம்னு கேட்டுக்கிறேன்.

நாலாவது, அந்தத் தங்கச்சிக்கு. நீ வரணும். உன் மக சாப்பிடலன்னா யாரும் ஒரு வார்த்தை பேச மாட்டோம், நான் பார்த்துக்கிறேன். எனக்கும் அந்தப் பாறைக்குப் படகுல போக வேண்டியது ஒண்ணு பாக்கி இருக்கு. நீ ஏறும்போது உன் மகளை நான் வெச்சுக்கிறேன், நான் ஏறும்போது என் மகனை நீ வெச்சுக்க.