கடன் வசூலிப்பவர் அழைத்தால்... அஞ்ச வேண்டியது குரலுக்கல்ல, கடிதத்திற்கே!

(தொலைக்காட்சிக் கருத்தரங்கு ஒன்றில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



ஈப்போவில் ஒரு மலிவு விலை அடுக்குமாடி வீடு. இரவு எட்டு மணி. குடும்பமே சாப்பிட உட்கார்ந்திருக்கிறது. கைப்பேசி அடிக்கிறது. எண்ணைப் பார்த்ததுமே குடும்பத் தலைவரின் முகம் வாடிவிடுகிறது. அவர் எடுக்கவில்லை. சற்று நேரத்தில் அவருடைய தாயாரின் கைப்பேசி அடிக்கிறது. "அவன் வீட்டுல இல்லைங்க" என்கிறார் அந்த மூதாட்டி. மகன் எதிரேதான் உட்கார்ந்திருக்கிறார். பேரப்பிள்ளை இருவரையும் மாறி மாறிப் பார்க்கிறது.

இந்தக் குடும்பத்தை ஓர் உதாரணமாக வைத்துக்கொள்வோம். ஆனால் இப்படிப்பட்ட வீடுகள் நம்மிடையே எத்தனையோ உண்டு. அந்தப் பிள்ளை அன்றிரவு கற்றுக்கொண்ட பாடம் என்ன? கடன் வந்தால் ஒளிந்துகொள்ள வேண்டும் என்பதுதான். அந்தப் பாடம் தவறானது. ஏன் தவறு என்பதே இந்த உரையின் நோக்கம்.

தோட்டத்துக் கடனும் நகரத்துக் கடனும்

கடன் நம் சமுதாயத்திற்குப் புதிதல்ல. கங்காணி கொடுத்த முன்பணத்தோடு கப்பலேறியவர்களின் வழிவந்தவர்கள் பலர் இங்கே இருக்கிறார்கள். ஒப்பந்தக்கூலி முறை 1910-இல் முடிவுக்கு வந்தது. கங்காணி வழி ஆள் சேர்ப்பும் 1938-இல் நின்றது. ஆயினும் தோட்டத்து மளிகைக் கடையின் கணக்குப் புத்தகம் மூடவேயில்லை. சம்பள நாளன்று கடைக்காரர் எதிரே நிற்பார். கடன் கொடுத்தவரின் முகம் தெரியும், தொகை தெரியும், பேசித் தவணை கேட்கவும் முடியும்.

பிறகு ரப்பர் மரங்கள் வெட்டப்பட்டன. பேராவில் பல தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்புத் திட்டங்களாகவும் மாறின. லயத்து வீடுகளை விட்டு மக்கள் நகரங்களுக்கு வந்தார்கள். நம் உதாரணக் குடும்பத் தலைவரும் சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பிறந்து, ஈப்போவில் லோரி ஓட்டுபவர். தனிநபர் கடன், கார் கடன், இரண்டு கிரெடிட் கார்டுகள். வேலை குறைந்தது, தவணை நின்றது. கார் பறிமுதலாகி ஏலம் போயிற்று. ஆனால் ஏலத்தில் கிடைத்த பணம் கடனுக்குப் போதவில்லை. கார் போனால் கடனும் போய்விடும் என்று நினைத்தவருக்கு, மீதித் தொகை தலையில் நின்றது. எல்லாம் சேர்த்து 105,000 வெள்ளி. இப்போது கடன் கொடுத்தவரின் முகம் தெரியாது. ஒரு குரல் மட்டுமே தெரியும்.

குரலுக்கு உள்ள அதிகாரம்

அந்தக் குரலுக்கு என்ன அதிகாரம் உண்டு? பணம் கேட்கலாம், நினைவூட்டலாம், தவணை பேசலாம். அவ்வளவுதான். வீட்டுப் பொருளைத் தூக்கிச் செல்லவோ, சம்பளத்தைப் பிடிக்கவோ, ஒருவரைத் திவாலாக்கவோ அதற்கு அதிகாரமில்லை. அவை நீதிமன்றத்தின் வேலை. கட்ட முடியாத வங்கிக் கடனுக்காகப் போலீஸ் வந்து கைது செய்யாது. மிரட்டுவதும், இழிவாகப் பேசுவதும், கடன் விவரத்தை அண்டை வீட்டாரிடமும் முதலாளியிடமும் பரப்புவதும் தவறு. வாடிக்கையாளரின் கணக்கு விவரத்தை வங்கி இரகசியமாகக் காக்க வேண்டும் என்கிறது 2013-ஆம் ஆண்டின் நிதிச் சேவைச் சட்டம். எல்லை மீறுகிறவர்களைப் பற்றி முதலில் அந்த வங்கியிடமும், பிறகு பேங்க் நெகாராவிடமும் எழுத்து வடிவில் புகார் செய்யலாம். மிரட்டல் என்றால் போலீஸ் புகாரே வழி.

ஆகவே அழைப்பை எடுக்கலாம். ஆனால் கையில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்க வேண்டும். பேசுபவரின் பெயர், நிறுவனம், எந்த வங்கிக்காக அழைக்கிறார், எவ்வளவு தொகை, அன்றைய தேதி, நேரம் ஆகிய அனைத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். "வங்கி கொடுத்த அனுமதிக் கடிதத்தையும் கணக்கு விவரத்தையும் எழுத்தில் அனுப்புங்கள்" என்று கேட்க வேண்டும். கட்ட முடியாத தொகையைக் "கட்டிவிடுகிறேன்" என்று பயத்தில் சொல்லக்கூடாது. தனி ஆளின் பெயரில் உள்ள கணக்கில் ஒரு காசும் போடக்கூடாது. வங்கி, நீதிமன்றம், போலீஸ் என்று சொல்லி மோசடிக்காரர்களும் அழைக்கும் காலம் இது. ஏமாந்து பணம் போட்டவர்கள் உடனே 997 என்ற எண்ணுக்கு அழைக்க வேண்டும்.

தாயாரும் தங்கையும் ஜாமீன் கையெழுத்து போடாதவரை அந்தக் கடனுக்குப் பொறுப்பாளிகள் அல்லர். "அவருடைய எண்ணுக்கே அழையுங்கள்" என்று சொன்னால் போதும். மூதாட்டி பொய் சொல்ல வேண்டியதில்லை.

எவ்வளவு கடனுக்குத் திவால்?

"எட்டாயிரம் வெள்ளி கட்டாவிட்டால் உன்னைத் திவாலாக்கிவிடுவோம்" என்று ஒருவர் மிரட்டினால், அது வெறும் மிரட்டல். குறைந்தபட்சக் கடன் வரம்பு முன்பு 30,000 வெள்ளியாக இருந்தது. 2017 அக்டோபரில் சட்டம் திருத்தப்பட்டபோது 50,000 ஆயிற்று. கோவிட் காலத்தில் தற்காலிகமாக உயர்த்தப்பட்டு, 2021 செப்டம்பரிலிருந்து நிரந்தரமாக 100,000 வெள்ளி ஆகியுள்ளது. அதற்குக் கீழே உள்ள கடனுக்குத் திவால் இல்லை. ஆனால் தீர்ப்புப் பெற்றவர் பொருள்களை ஏலம் விடவும், வங்கிக் கணக்கிலுள்ள பணத்தைப் பெறவும், கடனாளியை நீதிமன்றத்திற்கு அழைத்து விசாரிக்கவும் முடியும். அந்த அழைப்பாணையை அலட்சியப்படுத்தினால்தான் கைது ஆணை வரை போகும்.

கடிதம் எங்கே போகிறது?

இங்குதான் தோட்டத்திலிருந்து வந்தவர்களுக்குப் பெரிய ஆபத்து இருக்கிறது. குரல் கைப்பேசியைத் தேடி வருகிறது. ஆனால் நீதிமன்றக் கடிதம் முகவரியைத் தேடிப் போகிறது. நம் லோரி ஓட்டுநரின் மைகாட்டிலும் கடன் பாரத்திலும் இருப்பது எந்த முகவரி? இடிக்கப்பட்டுவிட்ட லயத்து வீட்டு முகவரி! வழக்குப் பத்திரத்தைக் கடைசியாகத் தெரிந்த முகவரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்ப முடியும். பதில் வராவிட்டால், அவர் இல்லாமலேயே தீர்ப்பு வந்துவிடும்.

தீர்ப்புக்குப் பிறகு திவால் நோட்டீஸ் வரும். அதற்கு 7 நாள்தான் கெடு. அந்தக் கெடு தவறினால், கடன் கொடுத்தவர் ஆறு மாதத்திற்குள் திவால் மனுவைத் தாக்கல் செய்யலாம். 2017-க்குப் பிறகு நோட்டீசை நேரில் கொடுப்பதே விதி. வேண்டுமென்றே ஒளிகிறவருக்குத்தான் வேறு வழியில் சேர்ப்பிக்க நீதிமன்றம் அனுமதி கொடுக்கும். அப்படியானால் "வீட்டில் இல்லை" என்று சொல்லிக்கொண்டிருப்பது யாருக்கு உதவுகிறது? விமான நிலையத்தில் தடுக்கப்பட்ட பிறகே தாம் திவாலானது தெரிந்தவர்கள் உண்டு.

ஆகவே முதல் வேலை, தேசியப் பதிவு இலாகாவிலும் எல்லா வங்கிகளிலும் முகவரியைப் புதுப்பிப்பது. இரண்டாவது வேலை, வரும் கடிதம் எதுவானாலும் அன்றே பிரிப்பது.

திவாலுக்கு முன்னும் பின்னும்

பேங்க் நெகாரா 2006-இல் அமைத்த ஏ.கே.பி.கே. நிறுவனத்திற்கு ஈப்போவிலும் அலுவலகம் உண்டு. ஆலோசனை இலவசம். வருமானம் ஓரளவு இருந்தால், பல வங்கிக் கடன்களை ஒரே தவணைத் திட்டமாக அது மாற்றித் தர முயலும். திவால் ஆணை வந்த பிறகு அந்தக் கதவு மூடிவிடும். கடனாளியே கடன் கொடுத்தவர்களிடம் தீர்வுத் திட்டம் முன்வைக்கும் வழியையும் 2017 திருத்தம் தந்திருக்கிறது. அதையும் திவால் ஆணைக்கு முன்பே செய்ய வேண்டும்.

இவை எதுவும் கைகூடாமல் திவால்தான் முடிவு என்றால், இரண்டு தவறுகளைச் செய்யக்கூடாது. வீட்டையோ நிலத்தையோ தம்பி பெயருக்கு மாற்றுவது முதல் தவறு. அதை ரத்து செய்ய முடியும். வங்கிக் கடனை அடைக்க வட்டி முதலையிடம் போவது இரண்டாவது தவறு. அது முதல் தவறைவிட மோசமானது. உரிமமில்லாதவர் கொடுத்த கடனை வசூலிக்க அவர் நீதிமன்றம் போக முடியாது. அதனால்தான் அவர் வீட்டு வாசலுக்கு வருகிறார்.

திவாலானால் அனுமதியின்றி வெளிநாடு போக முடியாது, கம்பெனி இயக்குநராக இருக்க முடியாது. வருமானத்தில் ஒரு பகுதியைத் திவால் இலாகாவிற்குச் செலுத்த வேண்டும். ஆனால் வேலை செய்யலாம். ஊழியர் சேமநிதியில் உள்ள பணத்தைக் கடன் கொடுத்தவர்கள் தொட முடியாது. ஆணை வந்த பிறகு அழைக்கும் வசூலிப்பாளரிடம் வழக்கு எண்ணைச் சொல்லி, "திவால் இலாகாவிடம் உங்கள் கோரிக்கையைப் பதியுங்கள்" என்றால் போதும். சொத்து, வருமான விவர அறிக்கையை ஒழுங்காகத் தாக்கல் செய்து நிபந்தனைகளை நிறைவேற்றுகிறவருக்கு, அந்த நாளிலிருந்து 3 ஆண்டுகளில் விடுதலை பெற வழியுண்டு. ஒளிந்தவருக்கு அந்தக் கணக்கு தொடங்குவதே இல்லை.

ஜாமீன் கையெழுத்து

அண்ணனின் காருக்கும் மைத்துனரின் லோரிக்கும் கையெழுத்துப் போட்டுத் தாம் திவாலானவர்கள் நம்மிடையே உண்டு. கல்விக் கடன், சொந்த உபயோகத்திற்கான வாகனத் தவணைக் கடன், குடியிருக்கும் வீட்டுக் கடன் ஆகியவற்றிற்கு இலாபம் கருதாமல் ஜாமீன் நின்றவரைத் திவாலாக்க முடியாது என்று 2017 திருத்தம் சொல்கிறது. ஆனால் கடன் பொறுப்பு அவரை விட்டுப் போவதில்லை. வியாபாரக் கடனுக்கு அந்தப் பாதுகாப்பும் இல்லை. பாசத்திற்காகப் பேனாவை எடுக்கும் முன் பாரத்தைப் படிக்க வேண்டும்.

மீண்டும் அந்த ஈப்போ வீட்டிற்கு வருவோம். இரவு எட்டு மணி. கைப்பேசி அடிக்கிறது. குடும்பத் தலைவர் எழுந்து, நோட்டுப் புத்தகத்தை எடுத்து, "வணக்கம், உங்கள் பெயர் என்ன?" என்று கேட்கிறார். கடன் குறையவில்லை. கட்டவோ திவாலாகவோ இன்னும் வழி தேட வேண்டியிருக்கிறது. ஆனால் பேரப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறது. தாத்தா காலத்துக் கணக்குப் புத்தகம் கடைக்காரர் கையில் இருந்தது. இப்போது அது அப்பாவின் கையில் இருக்கிறது என்பதை அது பார்க்கட்டும்.